தாய்வீட்டில் பதினாறு மாதம்

மாத்தளை
10.09.1972

சுந்தரம்,

உறையைப் பார்த்ததுமே இது யாருடைய எழுத்து என்று உனக்குத் தெரிந்திருக்கும். கிழித்துப் போடாமல் திறந்திருக்கிறாய் என்றால் அதுவே எனக்குப் பெரிது. விலாசத்தை அழகுமுத்துவிடம் வாங்கினேன். மாரியம்மன் கோயில் வாசலில் தேங்காய் விற்கிறானே, அவனேதான். அவனுக்குத் துறையூரிலிருந்து கடிதம் போட்டீர்களாம். எனக்குப் போடவில்லை. பதினான்கு வருஷம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு பேசாதவள், கடல் தாண்டிப் போன பிறகா பேசப்போகிறாய்?

நீங்கள் இருந்த வீட்டுக்கு ஒரு சிங்களக் குடும்பம் வந்திருக்கிறது. புருஷனுக்கு பஸ் டிப்போவில் வேலை. அந்தப் பெண் வந்த மூன்றாம் நாளே நம் சுவரில் இரண்டு செங்கல் மட்டும் வேறு நிறமாக இருப்பதைக் கண்டுபிடித்து என்னவென்று கேட்டாள். முன்னே அது கறிக்கோப்பை கைமாறுகிற ஓட்டை, பிறகு அடைத்தாயிற்று என்றேன். ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டாள். மறுநாள் அவளே கல்லைப் பெயர்த்துவிட்டு அந்த வழியாகக் கொஞ்சம் இஞ்சி கேட்டாள். நீ அடைத்த ஓட்டை, வேறொருத்தி திறந்தாள்.

சுற்றி வளைக்கிறேன் என்று உனக்குத் தெரியும். விஷயத்துக்கு வருகிறேன். புருஷன் பெண்சாதியாக எனக்கும் மக்கீனுக்கும் ஹஜ்ஜுக்குப் போக அனுமதி கிடைத்திருக்கிறது. எத்தனை வருஷம் எழுதிப் போட்டுக் கிடைத்தது என்று உனக்கே தெரியும், நீ இங்கே இருந்தபோதே மூன்று தடவை இல்லை என்றார்கள். டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி பயணம். போவதற்கு முன் யார் யார் மனதை நோகடித்தோமோ அவர்களிடம் எல்லாம் போய் மாப்புக் கேட்க வேண்டும். மனிதருக்குச் செய்த குற்றத்தை மனிதர்தான் மன்னிக்க வேண்டும், அதை அல்லாஹ்விடம் கேட்டுப் பயனில்லை. மாமியார் வீட்டாரிடம் கேட்டேன். முன்பொருநாள் நான் திட்டித் தீர்த்த மீன்காரனைத் தேடிப் பிடித்துக் கேட்டேன், அவனுக்கு ஞாபகமே இல்லை. பாக்கி இருப்பது நீயும் உன் வீட்டுக்காரர் இராசமாணிக்கம் அண்ணனும்தான்.

ஐம்பத்தாறில் நடந்ததை நான் மறக்கவில்லை. குடியுரிமை விசாரணைக்கு அண்ணன் என்னைச் சாட்சி போட்டார். நீ இந்தியாவுக்குப் பிள்ளைப்பேற்றுக்குப் போய்ப் பத்து மாதத்தில் திரும்பினாய் என்று சொல்லச் சொன்னீர்கள். நான் பதினாறு மாதம் என்று சொல்லிவிட்டேன். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் மனு தள்ளுபடி என்பது சட்டம். ஆனால் சுந்தரம், குர்ஆன் மேல் கைவைத்த பிறகு நான் எப்படிப் பொய் சொல்வேன்? அன்றைக்கே இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் அதுதான். இருந்தாலும் என் வாயால் உங்கள் மனு போனதும், பிறகு ஒப்பந்தம் வந்து உங்கள் குடும்பம் நாடு விட்டுப் போனதும் உண்மை. அதற்காக உங்கள் இருவரிடமும் மாப்புக் கேட்கிறேன்.

ஒரு வரி எழுது. அண்ணனையும் ஒரு வரி எழுதச் சொல்.

மஸீஹா


துறையூர்
1.10.72

மஸீஹா,

அவரையும் ஒரு வரி எழுதச் சொன்னாய். அவர் ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் போய்விட்டார். அரிசி மண்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அந்த மூட்டை மேலேயே உட்கார்ந்தாராம். கிருஷ்ணம்மாவை மணச்சநல்லூரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் வந்து சேருமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

இருபத்தாறு வருஷம் கொக்கோ ஸ்டோரில் தராசு பிடித்த மனிதர். கொட்டையைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தே எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்வார். துறையூரில் கொக்கோ காய்க்காது. இங்கே அவருக்குத் தெரிந்த வேலைக்கு ஆள் வேண்டாம், முதுகு இருந்தால் போதும் என்றார்கள்.

நான் என் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். அதே வீடு. அம்மா போன பிறகு தம்பி பெண்சாதியின் ராச்சியம். கிருஷ்ணம்மாவைப் பெற்ற அறையில் இப்போது கடலை மூட்டை அடுக்கியிருக்கிறது. எனக்குப் பக்கத்தில் ஒரு சாய்ப்பு. தெருவில் எங்களுக்குப் பேர் 'சிலோன்காரங்க'. அங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். இதில் நான் யாரைக் கோபிப்பது என்று எனக்கே அலுத்துவிட்டது.

நீ கேட்ட விஷயம். எனக்கு நடந்ததை நீயே கொஞ்சம் நினைத்துப் பார். அப்பா செத்ததும் அம்மா ஊரோடு போய்விட்டாள். தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில்தான் என்பது எங்கள் வழக்கம். உங்களிலும் அப்படித்தானே? உன் தாய்வீடு பக்கத்து வரக்காமுறையில் இருந்தது, என்னுடையது கடலுக்கு அப்பால் இருந்தது. வேறென்ன வித்தியாசம்? நாற்பத்தாறு கார்த்திகையில் ஏழாம் மாதத்தில் போனேன். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது தபால் தலையில் ராசா படம். தனுஷ்கோடியில் இறங்கினால் அங்கேயும் அதே ராசா, அதே முகம். யாரும் என்னை எந்த நாட்டுக்காரி என்று கேட்கவில்லை. ஒரு நாட்டில் இருந்து இன்னொரு நாட்டுக்குப் போகிறேன் என்று எனக்கும் தெரியாது.

தை கடைசியில் கிருஷ்ணம்மா பிறந்தாள். மாசியில் குலதெய்வத்துக்கு முடி இறக்க வேண்டும், அதற்குள் சிவராத்திரி வந்துவிட்டது, எனக்குத் தீட்டுக் கழியவில்லை. முடி கொடுக்காமல் பிள்ளையைக் கடல் தாண்டவிடக் கூடாது என்று அவருடைய பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மாசி வரை நின்றேன். நிற்கிறபோதே ஆடிக் கடைசியில் இந்தியாவை விட்டு வெள்ளைக்காரன் போனான். மாசி வருமுன் சிலோனை விட்டும் போனான். பங்குனியில் நான் மாத்தளைக்கு வந்து இறங்கினபோது என் புருஷன் ஒரு நாட்டிலும் நான் வேறொரு நாட்டிலும் இருந்தோம். வீட்டுக்குள் அடுப்பு மட்டும் ஒன்று.

துரைமார் போகும்போது நாயைக் கொண்டு போனார்கள், கிராமபோனைக் கொண்டு போனார்கள். அவர்கள் விட்டுப் போன சாமான் நாங்கள்.

இத்தனைக்கும் ஒரு பத்து மாதம் என்று நீ சொல்லியிருந்தால் போதும். நீ உன் ஆண்டவனைப் பார்த்தாய், என்னைப் பார்க்கவில்லை. சரி, அது உன் மார்க்கம். ஆனால் உண்மை சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறவளை நான் என்னவென்று மன்னிப்பது? அவரிடம் கேட்க வேண்டியதை நேரத்தோடு கேட்டிருக்கலாம். சுவர் ஒன்றும் அவ்வளவு தடிப்பில்லை.

சுந்தரம்மா


மாத்தளை
18.10.72

சுந்தரம்,

உன் கடிதம் நோன்பு திறக்கிற நேரத்துக்குச் சற்று முன் வந்தது. படித்துவிட்டுப் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பாங்கு சொல்லி முடிந்ததை மக்கீன் சொன்ன பிறகுதான் வாயில் வைத்தேன். மறுநாள் மத்தியானம் வரை அவர் கடை திறக்கவில்லை. கறுவாப்பட்டை மூட்டை எடுக்க வந்தவர்களிடம் "எங்கட வீட்டு ஆள் ஒருத்தர் மவுத்தாப் போயிட்டார்" என்று சொல்லி அனுப்பினார். யார் என்று அவர்கள் கேட்டதற்கு அடுத்த வீட்டு மாணிக்கம் என்றாராம். அடுத்த வீட்டில் இப்போது இருப்பது டிப்போக்காரர். வந்தவர்கள் குழம்பிப் போனார்கள்.

அண்ணனிடம் இனிக் கேட்க முடியாது என்பது என்னை என்னவோ செய்கிறது. அதை எழுதத் தெரியவில்லை.

ஆனால் நீ எழுதியதையே நானும் சொல்கிறேன். இது என்னால் மட்டும் வந்ததா? அண்ணனின் பாட்டனாரை மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடத்திக் கூட்டி வந்தவன் யார்? வழியில் பேதி வந்து விழுந்தவர்களை விழுந்த இடத்திலே விட்டுவிட்டு மிச்சம் இருந்தவர்களைக் கோப்பித் தோட்டத்துக்குக் கொண்டு போனவன் யார்? வந்தவர்களுக்கு ஒரு துண்டுக் காகிதம் எழுதி வைத்தானா? ஆயிரம் பெட்டி கோப்பிக்குக் கணக்கு இருந்தது, ஆளுக்கு இல்லை. பிறகு சட்டம் போட்டவர்கள் அந்தக் காகிதம் எங்கே என்று உங்களிடம் கேட்டார்கள்.

மக்கீனின் வாப்பா கடையில் ராசா படம் ஒன்று மாட்டியிருந்தாரே, ஞாபகமா? பதினைந்தாம் வருஷம் எங்கள் ஆட்களைத் தாக்கிய கலவரத்தில் கடை எரிந்துவிடாமல் காத்தது வெள்ளைக்காரன் அனுப்பிய பட்டாளம்தான் என்று சாகும்வரை சொல்வார். அதனால் படத்தை யாரும் தொடவில்லை. போன மே மாதம் நாடு குடியரசானதும் மக்கீன் அதைக் கழற்றினார். கழற்றிய இடத்தில் சுவர் வெள்ளையாக இருக்கிறது, பார்க்கிறவர்கள் எல்லாம் அங்கே என்ன இருந்தது என்று கேட்கிறார்கள். படம் இருந்தபோது ஒருத்தரும் கேட்டதில்லை. அதே கிழமை டவுனில் ஒரு கூட்டம். நாற்பத்தெட்டாம் வருஷம் வெள்ளைக்காரனை எதிர்த்து எழும்பினவர்களைப் பற்றிப் பேசினார்கள். நம் நாற்பத்தெட்டு இல்லை, அதற்கு நூறு வருஷம் முந்தினது. மக்கீன் போய்க் கேட்டுவிட்டு வந்து, நல்லாத்தான் பேசினாங்க என்றார். பிறகு ராசா படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தார். இன்னும் அங்கேதான் இருக்கிறது.

நான் சொல்ல வருவது, குற்றம் பெரிய இடத்தில் இருக்கிறது. என்னிடம் இருப்பது சின்னத் துண்டு. அந்தத் துண்டையாவது நீ விட்டுத் தரக் கூடாதா?

மஸீஹா


துறையூர்
5.11.72

மஸீஹா,

அந்தக் கூட்டத்தில் அவருடைய பாட்டனைப் பற்றி யாராவது பேசினார்களா? அவரும் அந்த வருஷங்களில்தான் அந்த வழியே நடந்து வந்தார். பேசியிருக்க மாட்டார்கள். அவர் வெள்ளைக்காரனை எதிர்க்கவில்லை, ரோட்டுக்குக் கல் சுமந்தார்.

வெள்ளைக்காரனைப் பற்றி எனக்குப் போதும். அவன்மேல் குற்றத்தைப் போட்டால் யாருக்கும் வலிக்காது, அவன் கேட்கப் போவதும் இல்லை. நீ அவன் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறாய். சின்ன வயசில் என் அப்பா கணக்குக் கேட்டால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிவாயே, அதே ஆள்தான் நீ.

ஒன்று கேட்கிறேன். விசாரணைக்கு நானும் போனேன். உனக்கு முந்தின நாள் அவரையும் என்னையும் கூப்பிட்டார்கள். அதே அறை, அதே மேசை. மேசையில் ஒரு மைக்கூடும் கட்டுக் காகிதமும் இருந்தன. எங்கள் கையில் எந்தப் புத்தகத்தையும் தரவில்லை. பியூன் ஒரு வரியைச் சொன்னான், திருப்பிச் சொன்னோம், அவ்வளவுதான். பத்து மாதம் என்று கூசாமல் சொன்னேன். மறுநாள் உனக்கு மட்டும் குர்ஆன் எங்கிருந்து வந்தது?

இதை அப்போதே அவரிடம் கேட்டேன். அவர், "அந்தப் புள்ளயப் பத்தி இனி இந்த வீட்டுல பேசாதே" என்று எழும்பிப் போய்விட்டார். உன்மேல் கோபத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

அந்த அறையில் நடந்ததை ஒன்று விடாமல் எழுது. மாப்பு, மன்னிப்பு எல்லாம் அதற்குப் பிறகு.

சுந்தரம்மா


மாத்தளை
22.11.72

சுந்தரம்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பெருநாள் முடிந்து பதினான்கு நாள் ஆகிறது. ஊரெல்லாம் வந்து என் கையைப் பிடித்து, எங்களுக்காகவும் துஆக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். எனக்கு அந்தக் கையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

குர்ஆன் இருக்கவில்லை. நீ சொன்னதுதான் சரி. மைக்கூடு, காகிதக் கட்டு, ஆளைக் கூப்பிடுகிற ஒரு கறுப்பு மணி. பியூன் சொன்ன வரியை நானும் சொன்னேன்.

காலை ரயிலில் அண்ணன், மக்கீன், நான் மூன்று பேரும் கண்டிக்குப் போனோம். வழியெல்லாம் அண்ணன் என்னைக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். எப்பப் போனாங்க? கார்த்திகையில. எப்ப வந்தாங்க? புரட்டாசியில. எத்தனை மாசம்? பத்து. வத்தேகம ஸ்டேஷன் வரும்போது எனக்கே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது. விசாரணை நடக்கிற கந்தோரின் விறாந்தையில் அண்ணனையும் மக்கீனையும் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள்.

பெரியவர் ஒருவர் மேசைக்குப் பின்னால். கோட்டுப் போட்டிருந்தார், இங்கிலீசில் பேசினார். கெட்டவர் இல்லை, முதலில் எனக்கு உட்காரக் கதிரை போடச் சொன்னவர் அவர்தான். பக்கத்தில் தமிழில் மாற்றிச் சொல்கிற ஒருவர். வீடு எங்கே, எத்தனை வருஷப் பழக்கம் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு அந்த மொழிபெயர்க்கிறவர் தன் பாட்டுக்கு, பெரியவர் கேட்காத ஒன்றை, கையில் இருந்த காகிதத்தைப் புரட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார். "கூலி ஆக்கள்தானே, போறதும் வாறதும்தான் அவங்க வேலை. அங்க வீடு வாசல் ஒண்டும் இருக்காது, இல்லையா?" என்றார். உன்னைத் திட்டவில்லை. மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்வது மாதிரிச் சொன்னார்.

அந்த வார்த்தை என்னைச் சுட்டுவிட்டது சுந்தரம். தோட்டத்துப் புத்தகங்களில் வெள்ளைக்காரன் எழுதி வைத்துவிட்டுப் போன வார்த்தை. அவன் போய் எட்டு வருஷம், வார்த்தை மட்டும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது. உன் அப்பா ஸ்லேட்டில் எழுதிக் கொடுத்துத்தான் எனக்கு எழுத்தே வந்தது. நீ கூலியா?

"யாரைக் கூலி எண்டு செல்றீங்க?" என்று கேட்டேன். கேட்டதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. "அவட தாய்வீடு எப்பேர்ப்பட்ட வீடு தெரியுமா? பதினாறு மாசம் வெச்சுத் தாங்கினாங்க. மூணு பித்தளை அண்டா சீர் குடுத்தாங்க. புள்ளைக்கி முடி இறக்கப் பெரிய பூசை வெச்சு ஊரே வந்திச்சு. பதினாறு மாசமும் ஒரு வேலை செய்ய விடல்ல." இப்படியே போனேன். நீ தாய்வீட்டிலிருந்து திரும்பி வந்த புதிதில் சுவர் ஓட்டை வழியாக எனக்குச் சொன்ன எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாததையும் சேர்த்தேன். பெரியவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மொழிபெயர்க்கிறவரிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். அவர் சொன்னார். 'சிக்ஸ்டீன்' என்ற ஒரு சொல் எனக்கு விளங்கியது. அப்போதுதான் என் வாய் நின்றது.

வெளியே வந்தேன். அண்ணன் எழும்பி நின்றார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை, முகத்தைப் பார்த்தார். என் வாயிலிருந்து தானாக வந்தது. "குர்ஆன் மேல கை வைக்கச் சென்னாங்க அண்ணே. எனக்குப் பொய் செல்ல ஏலாமப் போச்சு." மக்கீன் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "சரிம்மா. ஆண்டவனுக்குப் பயந்து சொன்ன. விடு" என்றார். ஸ்டேஷனில் எனக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தார். அவர் முந்தின நாள் அதே அறையில் இருந்தவர் என்பது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. உன் கடிதத்தைப் படித்தபோதுதான் வந்தது. தெரிந்தே வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

வாய்க்கொழுப்பில் சொன்னேன் என்பதைவிட அல்லாஹ்வுக்குப் பயந்து சொன்னேன் என்பது எனக்கு வசதியாக இருந்தது. ஊரும் அதை நம்பியது. ஈமான் உள்ள பெண் என்று பள்ளிவாசலில் பேசினார்களாம். பதினாறு வருஷமாக நானும் அந்தப் பேரில் வாழ்கிறேன். மக்கீனுக்கே நேற்றுத்தான் சொன்னேன்.

நான் மாப்புக் கேட்பது பதினாறு மாதம் என்று சொன்னதற்கு இல்லை. குர்ஆன் என்று சொன்னதற்கு.

மஸீஹா


மாத்தளை
8.12.72

சுந்தரம்,

பதில் இல்லை. தபால்காரர் இந்தப் பக்கம் வருவதையே குறைத்துவிட்டார், என் முகத்தைப் பார்க்கப் பயம்.

மக்கீனிடம் சொல்லிவிட்டேன், அவர் போகட்டும், நான் வரவில்லை என்று. இத்தனை வருஷம் காத்துக் கிடைத்ததை விடுகிறாயா என்று கேட்டார். இந்த மனதோடு போய் நின்றால் நின்ற மாதிரி ஆகாது என்றேன். அவர் ஹஜ்ஜுக்கு உடுக்கிற என் வெள்ளைத் துணியையும் சேர்த்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

உன்னை நெருக்குவதற்காக இதை எழுதவில்லை. அப்படித்தான் இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன்.

மஸீஹா


துறையூர்
13.12.72

மஸீஹா,

இன்று காலை தந்தி கொடுத்தேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது வந்திருக்கும். 'போய் வா' என்று இரண்டே சொல். இங்கிலீசு எழுத்தில்தான் போகும் என்றார்கள். வெள்ளைக்காரன் எழுத்திலேயே போகட்டும் என்றேன்.

நீ கந்தோரில் நடந்ததை எழுதின கடிதம் இரண்டாம் தேதியே வந்துவிட்டது. கோபத்தினால் பதில் போடாமல் இருந்தேன் என்று நினைக்காதே. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு முதல் தடவை. தம்பி பெண்சாதி வந்து எட்டிப் பார்த்தாள், இவளுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று. மூன்று அண்டாவா? ஒரு சின்னக் குடம், அதுவும் அடியில் ஒடுக்கு விழுந்தது. ஊரே வந்ததா? முடி இறக்க வந்தவர்கள் ஒன்பது பேர், அதில் ஒருவர் நாவிதர். நான்தான் சுவர் ஓட்டை வழியாக உனக்கு அப்படி அளந்திருப்பேன். நீ அதை அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் கொட்டியிருக்கிறாய்.

நீ என்னைவிட உன் ஆண்டவனைப் பெரிதாக நினைத்தாய் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தேன். அதில் குறை சொல்லவும் முடியவில்லை, ஆறவும் இல்லை. ஒரு சொல்லுக்காக நீ அந்த அறையில் எனக்காகச் சண்டை பிடித்திருக்கிறாய். அது தெரிந்திருந்தால் ஓட்டையை அடைத்திருக்க மாட்டேன். குர்ஆன் என்று சொன்னதற்கு நீ கேட்ட மாப்பைத் தந்தேன். முழு மனதோடுதான்.

இனி என்னுடையதைக் கேள்.

பங்காளிகள் என்னைப் பிடித்து வைத்தார்கள் என்று எழுதினேனே, அது பொய். அவருக்கும் அதைத்தான் சொன்னேன், உனக்கும் அதைத்தான் சொன்னேன். பிள்ளைக்கு ஐந்தாம் மாதத்தில் என் மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. முடியை மாத்தளையிலேயே மாரியம்மனுக்குக் கொடுத்துக்கொள்ளலாம், புறப்பட்டு வா என்று. ஏழாம் மாதத்தில் இன்னொன்று. பிள்ளைக்கு மாந்தம், பயணம் ஆகாது என்று தம்பியைப் பதில் எழுதச் சொன்னேன். மாந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளை கல் மாதிரி இருந்தாள். பங்காளிகள் போ என்றுதான் சொன்னார்கள். நான்தான் அடுத்த மாசியைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அங்கே இருக்கப் பிடித்திருந்தது மஸீஹா. அம்மா எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவாள். யாரும் என்னை எழுப்ப மாட்டார்கள். வேறொன்றும் இல்லை. அப்படி ஒரு பதினாறு மாதம் என் ஆயுசில் முன்னேயும் வந்ததில்லை, பிறகும் வரவில்லை. இரண்டு ராச்சியம் அந்த நேரம் பார்த்துக் கைமாறும் என்று நான் கண்டேனா?

மனு தள்ளுபடியாகிக் கடிதம் வந்த அன்று அவர் கேட்பார் என்று பயந்தேன். ஏன் அவ்வளவு நாள் நின்றாய் என்று. அவர் வாயைத் திறக்குமுன் உன் பேரைச் சொல்லி ஒப்பாரி வைத்தேன். செங்கல்லை எடுத்து ஓட்டையை அடைத்தேன். உன்மேல் கோபம் இருந்ததுதான். ஆனால் அந்தக் கோபம் எனக்கு உபகாரமாகவும் இருந்தது. அதை வைத்துப் பதினாறு வருஷம் ஓட்டிவிட்டேன். அவர் மூட்டை தூக்கப் போனபோதும் உன்னைத்தான் திட்டினேன்.

மாப்புக் கேட்க உனக்கு நான் இருந்தேன். எனக்கு யார் இருக்கிறார்?

அதனால் ஒன்று கேட்கிறேன். நீங்கள் அங்கே ஒரு வெளியில் மத்தியானம் முதல் அந்தி வரை நின்று கேட்பீர்கள் என்று முன்னே சொல்லியிருக்கிறாய். உங்கள் முறையில் இதற்கு இடம் உண்டோ இல்லையோ தெரியாது, மனதுக்குள் சொன்னால் போதும். அங்கே அவர் பெயரை ஒரு தடவை சொல். புருஷன் பெயரை நாங்கள் சொல்வதில்லை. கட்டையில் வைத்தபோதுகூட என் வாயில் வரவில்லை. நீ அண்ணன் என்று சேர்த்துச் சொல்வாயே, அப்படியே சொல்.

சொல்லிவிட்டு, சுந்தரம் தாய்வீட்டில் நின்றது அவள் ஆசைக்குத்தான் என்று சொல். உன் குர்ஆன் பொய்யைத் தெரிந்துகொண்டே பிளேன்டீ வாங்கிக் கொடுத்தவர், இதையும் தெரிந்து வைத்திருப்பார். இருந்தாலும் ஒருத்தர் சொல்ல வேண்டும். எத்தனை மாதம் என்று கேட்டால் பதினாறு என்றே சொல். இந்தத் தடவை யாரும் உன்னைப் பத்து என்று சொல்லச் சொல்லவில்லை.

சுந்தரம்